ஒரே பெட்டிக்குள் இரண்டு அரசாங்கம்

மேக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஆட்டங்களை ஓட வைத்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கியவனுக்கு இரண்டு பக்கமும் எதிரிகள் உண்டு. நன்றி சொல்ல மட்டும் எந்தப் பக்கத்திலும் ஆள் இல்லை. மேக் வைத்திருப்பவர், "இவ்வளவு அழகான பெட்டிக்குள்ள அந்தக் குப்பைய ஏன் போடுறீங்க?" என்பார். விண்டோஸ் வைத்திருப்பவர், "ஆட்டம் ஆடணும்னு நினைக்கிறவன் மேக் வாங்குவானா?" என்பார். இதே தொழிலில் கையைச் சுட்டுக்கொண்ட தோழர்களே, நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் சொல்கிறேன். சொல்லாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

மெர்டேக்கா என்ற விடுதலை முழக்கம் மலாக்காவில் எழுந்தபோது நான் அரைக்கால்சட்டை போட்டவன். கூட்டங்களில் துண்டறிக்கை கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் படித்தேன். என் பள்ளிக்கூடம் அவ்வளவுதான். பிறகு தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பேசினேன், தொழிற்சாலையில் சங்கம் கேட்டேன், வேலை போனது. வானொலி பழுது பார்த்தேன், அப்புறம் தொலைக்காட்சி, கடைசியில் கம்ப்யூட்டர். துண்டறிக்கை படித்துப் பழகியவனுக்குக் கையேடு படிப்பது கஷ்டமில்லை. இரண்டிலும் முதல் பக்கத்தில் வாக்குறுதி இருக்கும், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனை இருக்கும்.

மலாக்காவின் காஜா பேராங்கில் ஒரு பொதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் தொழிலாளர் படிப்பகம் இருந்தது. அதைத் தொடங்கியவர்களில் மிச்சம் நான்தான். முன்பக்கம் என் பழுதுபார்க்கும் மேசை, பின்பக்கம் பத்திரிகைகளும் புத்தக அலமாரியும். ஆள்தான் வருவதில்லை. கட்டடக் குழுவின் செயலாளர் சண்முகம் ஒரு நாள் வந்து, தீபாவளிக்குள் இந்த அறையில் ஆள் நடமாட்டம் தெரியாவிட்டால், மாடி மண்டபத்தில் கல்யாணச் சமையல் செய்யும் கேட்டரிங்காரருக்கு அண்டா வைக்கக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். மனிதன் வராத அறைக்கு அண்டா வரும்! நாங்கள் கைக்காசு போட்டுச் சுண்ணாம்பு அடித்த அறை அது. அந்த ஆண்டு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பூப்போட்ட துணி

தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர் எங்கள் படிப்பகத்துக்கு இரண்டு மேக் கம்ப்யூட்டர்களை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். கேமரா வந்தது, மாலை வந்தது, என்னையும் ஓரமாக நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்பது முக்கியமல்ல; எது நடந்தாலும் அப்படிப்பட்டவர்கள் திரும்பி வருவதில்லை. இரண்டு பெட்டிகளும் பூப்போட்ட மேசைத்துணியால் மூடிக் கிடந்தன. அறையைக் காப்பாற்ற வேண்டும் என்றதும் துணியை உருவினேன். செங் வட்டாரத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஷாலினி என்ற பெண்ணுக்குச் சொல்லி அனுப்பி வரவழைத்தேன். வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல், கூட வேலை பார்க்கும் இளவட்டங்களையும் இழுத்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு கால்பந்து ஆட்டத்தின் வட்டு. போட்டார்கள். பெட்டி ஒன்றும் செய்யாமல் அழகாக நின்றது. ஆட்டம் விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவன் பெட்டி செய்கிறான், ஒருவன் ஆட்டம் செய்கிறான், இரண்டுக்கும் நடுவில் சுவர் எழுப்பிவிட்டு, சுவரில் முட்டிக்கொள்கிறவனைப் பார்த்து 'உனக்குத் தெரியாதா?' என்று கேட்கிறார்கள். இதற்குப் பெயர் சந்தையாம், தேர்ந்தெடுக்கும் உரிமையாம். இதையெல்லாம் விளக்கிச் சொல்லி, ஆட்டம் இல்லாவிட்டால் என்ன, படிக்க ஏராளமாக இருக்கிறது என்று அலமாரியைக் காட்டினேன். அலமாரியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஷாலினி எங்கள் ஊர் 'லா' போட்டுச் சொன்னாள்: "கம்ப்யூட்டர் அழகாத்தான் இருக்கு அங்கிள். ஆனா நம்ம ஆட்டம் ஓடாதுன்னா அது முகம் பாக்குற கண்ணாடி லா."

டாக்சி விளக்கம்

தேவன் பிள்ளை என் மேசைக் கூட்டாளி. மலாக்கா செட்டி சமூகத்துக்காரர்; பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாயே வீட்டுமொழியாகிவிட்ட தமிழர்கள் அவர்கள். நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே வரமாட்டார். ஆனால் பேசுவதெல்லாம் அவர்கள் வீட்டு மலாய். அவர் மலாயில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன், சண்டை மட்டும் இரண்டு மொழியிலும் நடக்கும். மேக்கில் விண்டோஸ் போடலாம் என்பதை எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். அதற்கு இரண்டு வழி. மேக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் ஒரு சின்ன ஜன்னலில் விண்டோஸைக் குடிவைப்பது ஒரு வழி. வெர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஹார்ட் டிஸ்க்கை இரண்டு துண்டாக்கி, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, பெட்டியை எழுப்பும்போது யார் ஆள்வது என்று நாமே தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி.

இதைக் கேட்டதும் எனக்கு உலக அரசியலே விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. முதல் வழி காலனி ஆட்சி என்று தேவனிடம் சொன்னேன். குடிவந்தவனுக்குப் பாதி ரேஷன்தான் கிடைக்கும், எஜமான் கொடுத்த மிச்சத்தில்தான் ஓட வேண்டும், கனமான ஆட்டம் அதில் திக்கித் திணறும். இரண்டாவது வழிதான் முழுச் சுதந்திரம். பெட்டியின் முழுப் பலமும் ஆட்சிக்கு வந்தவன் கையில். நான் வரலாற்றை அழைத்து, இரண்டு உலகப் போர்களைத் தாண்டி, மெர்டேக்காவை நெருங்கிக்கொண்டிருந்தேன். தேவன் திருகாணியை வாயிலிருந்து எடுத்தார். மலாயில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "இது டாக்சி மாதிரி, அண்ணே. கார் ஒண்ணு, டிரைவர் ரெண்டு பேர். ஒருத்தர் இறங்கினாத்தான் இன்னொருத்தர் ஏறலாம். இதுக்கு ஏன் இவ்வளவு கோவப்படுறீங்க?"

உழைப்பவனுக்கே எல்லாம்

படிப்பகத்துப் பெட்டிகளில் கை வைக்கும் முன் வாடிக்கையாளர்களின் பெட்டிகளில் கை பழகினோம். புக்கிட் காதிலிலிருந்து செல்வராஜு வாத்தியார் தன் மடிக்கணினியோடு வந்தார். கார்ப் பந்தய ஆட்டம் வேண்டும், ஆனால் பெட்டியை அணைத்து எழுப்புவது கூடாது, இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். பள்ளி வேலை செய்வதுபோல் மேக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, மனைவி அறைக்குள் வராதபோது பக்கத்து ஜன்னலில் கார் ஓட்ட வேண்டுமாம். ஆசிரியர்! நாளைய தலைமுறையை உருவாக்குபவர்! வேண்டாம், ஆட்டம் மாட்டு வண்டி மாதிரி போகும் என்று சொன்னேன். கேட்கவில்லை. சரி என்று வெர்ச்சுவல் மெஷின் போட்டு, மெமரியை இரண்டு பக்கத்துக்கும் பார்த்துப் பங்கு பிரித்துக் கொடுத்தேன். வேலை நடக்கும்போது சும்மா இருப்பானேன் என்று உழைப்பு, சுரண்டல், உபரி மதிப்பு பற்றியும் அவருக்கு விளக்கினேன். தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாணவரா என்று நானும் ஏமாந்தேன்.

அடுத்த வாரம் பெட்டி உறைந்துபோய்த் திரும்பி வந்தது. விண்டோஸும் அசையவில்லை, மேக்கும் அசையவில்லை, சுட்டி அம்புக்குறி மட்டும் நடுவில் நின்றது. திறந்து பார்த்தால், நான் பிரித்துக் கொடுத்த மெமரியை மனிதர் மாற்றியிருக்கிறார். வீட்டுக்காரனுக்கு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் குடிவந்தவனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். யார் செய்யச் சொன்னது என்று கத்தினேன். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "நீங்கதானே சொன்னீங்க தலைவரே, உழைக்கிறவனுக்கே எல்லாம் சொந்தம்னு. அங்க உழைக்கிறது ஆட்டம்தானே?"

பேசாத பெட்டி

விண்டோஸை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தத் தொழிலைச் செய்யாதவர்கள். ஏற்றிய பிறகு சத்தம் வராது, வலைத்தொடர்பு வராது, தொடுபலகை கோணல் பண்ணும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிரைவர், அதாவது அந்தந்த உறுப்பை ஓட்டும் குட்டி மென்பொருள், போட வேண்டும். அவை பெட்டியோடு வந்த வட்டில் இருக்கும். அந்த வட்டை வாங்கிய அன்றே வாடிக்கையாளர் தொலைத்திருப்பார். அப்படித் தொலைத்த ஒரு மருந்துக்கடைப் பையனுக்காக நானும் தேவனும் சத்தத்துக்கான டிரைவரைத் தேடி அலைந்தோம். சாப்பாட்டு நேரம் போனது, கண் எரிந்தது, கடைசியில் கிடைத்தது. ஒலிபெருக்கியில் துப்பாக்கிச் சத்தம் அறையே அதிரக் கேட்டதும் நாங்கள் இருவரும் கை குலுக்கிக்கொண்டோம். பையன் முகம் வெளிறிவிட்டது: "ஐயோ அங்கிள், யாரு சத்தம் வேணும்னு கேட்டா? எங்கப்பா பக்கத்து ரூம்லதான் படுத்திருப்பாரு!"

சந்தனம்

படிப்பகத்துப் பெட்டிகளுக்காக நான் முறையாக ஒரு விண்டோஸ் வட்டு வாங்கி வைத்திருந்தேன். மறுநாள் போடுவதாக இருந்தோம். அன்று பார்த்துச் செமாபோக்கில் அழகு நிலையம் வைத்திருக்கும் பார்வதி வந்தார். அவர் மகனின் மேக்கில் விண்டோஸ் போட வேண்டும். அவரிடமும் வட்டு இருந்தது, ஆனால் கீறல் விழுந்தது. எங்கள் வட்டால் ஏற்றிவிட்டு அவருடைய உரிம எண்ணைத் தட்டலாம் என்றேன். ஏற்ற ஆரம்பிக்கும் நேரத்தில் பார்வதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ராகு காலம்! தொடங்கக் கூடாதாம். கம்ப்யூட்டருக்குக் கிரகம் பார்க்கும் ஊரில் என்ன புரட்சி வரும்? நான் வாதாடினேன். அவர் அசையவில்லை. மறுநாள் சரஸ்வதி பூசை, நல்ல நேரத்தில் வீட்டிலேயே ஏற்றலாம், தேவனை அனுப்புங்கள் என்று சொல்லி, பெட்டியோடு எங்கள் வட்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் தேவன் போவதற்குள் பூசை முடிந்திருந்தது. பாடப் புத்தகம், முடிவெட்டும் கத்தரி, மடிக்கணினி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர் வட்டை மட்டும் விடுவாரா? பளபளக்கிற பக்கமாகப் பார்த்துச் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமமும் இட்டு, நல்ல நேரம் தாண்டிவிடக் கூடாது என்று தானே பெட்டியின் பிளவுக்குள் தள்ளிவிட்டிருக்கிறார். உள்ளே மாவு அரைக்கிற சத்தம். தேவன் அந்த வட்டைக் குறடு போட்டுத்தான் வெளியே எடுத்தார். சந்தனம் போன இடமெல்லாம் வட்டம் வட்டமாகக் கோடு. எங்கள் படிப்பகத்தின் கடைசி நம்பிக்கை, கமகமவென்று மணந்துகொண்டு, குப்பைக்குப் போனது.

நான் அவரிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. ஆனால் அந்த அம்மாள், நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். இரண்டொரு நாளில் படிப்பக வாசலில் வந்து நின்றார். கையில் புத்தம் புது வட்டு, உறை பிரிக்காமல். நான் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்வதி சொன்னார்: "பயப்படாதீங்கண்ணே. இந்தத் தடவை பொட்டு வைக்கல. தூரத்துல வச்சுக் கும்பிட்டுட்டேன்."

சும்மா கிடந்த துண்டு

ஹார்ட் டிஸ்க்கைத் துண்டு போடுவதைப் பார்ட்டிஷன் என்கிறார்கள். நாடுகளைத் துண்டு போட்டவர்களும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. விண்டோஸ் ஏற்றும்போது ஒரு பட்டியல் வரும். அதில் பெரிய துண்டு, புதிதாக வெட்டிய துண்டு, இவற்றோடு பெயரில்லாத ஒரு குட்டித் துண்டும் இருக்கும். விண்டோஸுக்கு என்று ஒதுக்கியதைத் தவிர வேறு எதையும் தொடாதே என்று நான் சீனத்திலும் மலாயிலும்கூட எழுதி ஒட்டியிருந்தேன். கல்லூரியில் கம்ப்யூட்டரே படிக்கும் ஒரு மாணவன், என் உதவி வேண்டாம் என்று வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்தான். குட்டித் துண்டை அழித்தான். கணக்குக் கலைந்து பெட்டி எழவில்லை. திரையில் ஒரு கேள்விக்குறி மட்டும் கண் சிமிட்டியது. அக்காளின் நிச்சயதார்த்தப் படங்கள் அத்தனையும் உள்ளே. ஏன்டா அதைத் தொட்டாய் என்று கேட்டால், "அது சும்மா கிடந்துச்சு அங்கிள், ஒரு வேலையும் செய்யல, இடத்த அடைச்சிக்கிட்டு" என்கிறான். படங்களைத் தேவன் ஒரு வழியாக மீட்டுக் கொடுத்தார்.

அந்த மாணவன் வாசற்படி இறங்க, செயலாளர் சண்முகம் வாசற்படி ஏறினார். கையில் அளவு நாடா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் அலமாரிக்கும் சுவருக்கும் இடையே நாடாவைப் பிடித்து, பெரிய அண்டா எத்தனை நிற்கும் என்று பார்த்தார். தீபாவளி இன்னும் வரவில்லையே என்றேன். வருவதற்கு முன் அளந்து வைப்பது தப்பா என்றார். இந்த அறையில் எத்தனை பேர் எழுத்துக் கற்றார்கள், எத்தனை பேர் வேலை நீக்கக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள் என்று சொல்ல ஆரம்பித்தேன். சண்முகம் நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்: "அதெல்லாம் சரிங்க தலைவரே. இப்ப அது சும்மாதானே கிடக்கு? எடுத்தா யாருக்கு நட்டம்?"

அழுத்திப் பிடிக்க வேண்டும்

ஒருவழியாகப் படிப்பகத்துப் பெட்டிகள் இரண்டிலும் விண்டோஸ் ஏறியது. ஆனால் எந்த அரசாங்கம் வேண்டும் என்று கேட்டு வாங்க ஒரு முறை இருக்கிறது. பெட்டியை எழுப்பும்போது ஆப்ஷன் பட்டனை அழுத்தி, இரண்டு படமும் திரையில் வரும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். தொட்டுவிட்டு விட்டால் எப்போதும் எழுகிறதுதான் எழும். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் தொட்டுவிட்டுத்தான் விடுவார்கள். பிறகு 'விண்டோஸக் காணோம்' என்று என் சட்டையைப் பிடிப்பார்கள்.

கோலாலம்பூரிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த ஒரு கனவான் இப்படித்தான் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தேவன் மலாயில் விளக்க, மனிதர் நெற்றித் திருநீற்றையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னங்க இது, பிள்ளைன்னு பேர் வச்சிக்கிட்டுத் தமிழ் பேச வராதா? வெக்கமா இல்ல?" என்றார். எனக்கு இரத்தம் கொதித்தது. அந்தச் சமூகம் எத்தனை தலைமுறையாக இந்த மண்ணில் அம்மனுக்குத் திருவிழா எடுக்கிறது என்று இவருக்குத் தெரியுமா? இவர் தமிழே பாதி இங்கிலீஷ்! பெட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். தேவன் என் கையைத் தட்டி அமர்த்தினார். பட்டனை அழுத்திப் பிடித்தபடியே, திரையில் இரண்டு படமும் வந்ததும் கனவானைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு மலாயில் சொன்னார். தமிழில் இது: "எனக்குள்ளயும் ரெண்டும் இருக்கு, ஐயா. தொட்டுட்டு விட்டா தெரியாது. கொஞ்ச நேரம் பொறுமையா அழுத்திப் பிடிக்கணும்."

மூன்றாம் பக்கம்

ஆட்டம் ஓடுகிறது என்ற செய்தி செங் வரைக்கும் பரவியது. ஷாலினி தன் பட்டாளத்தோடு திரும்பி வந்தாள். ஆள் வந்தார்கள் என்று நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த மண்ணின் தொழிலாளி வரலாறு முழுவதும் அலமாரியில் இருக்கிறது. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் துண்டறிக்கைக் கட்டுகளை முழங்கை வைக்க எடுத்துக்கொண்டார்கள். அதன்மேல் ஒருவன் ஐஸ் கோப்பி வைத்திருந்தான்.

இதற்கிடையில் பழைய உறுப்பினர் வீரையாவும் வர ஆரம்பித்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேக் பக்கத்தில் தமிழ்ச் செய்தித்தாளைப் பெரிய எழுத்தில் படிக்கலாம் என்று தேவன் அவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டார். அன்று முதல் சண்டை. அவர் முதல் பக்கம் முடித்து, இரண்டாம் பக்கம் முடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளும் இடைவெளியில் இளவட்டங்கள், ஆட்டத்துக்கு இரண்டு பெட்டியும் வேண்டும் என்று, அவருடைய பெட்டியை அணைத்து விண்டோஸை எழுப்பிவிடுவார்கள். அவர் தேநீர் குடிக்கப் போய்த் திரும்பினால் கால்பந்து. இவர்கள் சாப்பிடப் போய்த் திரும்பினால் இரங்கல் செய்தி. நான் முறை வைத்துப் பார்த்தேன், ஓட்டெடுப்பு நடத்திப் பார்த்தேன், இரண்டு தரப்பும் என்னைத்தான் திட்டின. வீரையா டிக்கெட் கொடுத்த குரலில் அறையே கேட்கக் கத்தினார்: "மூணாம் பக்கத்துக்கு வர்றதுக்குள்ள ஆட்சியக் கவுத்துடுறானுங்கப்பா! இந்த நாட்டுல ஒரு பேப்பர முழுசாப் படிக்க முடியுதா?"

அண்டா வந்த நாள்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. காஜா பேராங்குக்கும் செமாபோக்குக்கும் கால்பந்து ஆட்டம் என்று ஷாலினி அறிவித்திருந்தாள். இரண்டு பெட்டியிலும் விண்டோஸ், வாசல் முழுவதும் செருப்பு, அறையில் நிற்க இடமில்லை. பிற்பகலில் லோரி வந்து நின்றது. செயலாளர் சண்முகம் முன்னால், கேட்டரிங்காரர் அண்டாவோடு பின்னால். இத்தனை ஆள் நிற்கிறதே, நீங்கள் கேட்டது இதுதானே என்று நான் சொன்னேன். படிக்க வருகிறவர்கள்தான் ஆள், விளையாட வருகிறவர்கள் ஆள் இல்லை என்றார் சண்முகம். பார்த்தீர்களா? நாம் ஓடி எல்லையைத் தொட்டதும் எல்லையைத் தள்ளி வைப்பார்கள்! "எல்லாரும் எழுந்திரிங்க, ரூம காலி பண்ணணும்" என்று கையைத் தட்டினார்.

வாழ்நாள் முழுவதும் நான் காத்திருந்த நேரம் அது. செங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை வாசலில் ஒரு காலத்தில் நின்று, யாரும் உள்ளே போகாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். சங்கு ஊதியதும், நான் கொடுத்த துண்டறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மரியாதையாக என்னைச் சுற்றிக்கொண்டு எல்லாரும் உள்ளே போனார்கள். அன்று பேச முடியாமல் போன பேச்சு எனக்குள் அப்படியே இருந்தது. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் போய் நின்று, கையை உயர்த்தி, "தோழர்களே!" என்றேன். "அங்கிள், திரை மறைக்குது, கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் ஷாலினி.

தள்ளி நின்றேன். தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒருவரும் எழவில்லை. சண்முகம் மறுபடி கை தட்டினார். எழவில்லை. பாதி ஆட்டத்தில் எழுந்தால் தோற்ற கணக்கு, செமாபோக் பையன்கள் சும்மா விடமாட்டார்கள் என்று யாரோ பதில் சொன்னார்கள், அதுவும் திரையைப் பார்த்துக்கொண்டே. மின்சாரத்தை அணைத்துவிடுகிறேன் என்று சண்முகம் மெயின் சுவிட்சை நோக்கிப் போனார். அதன் கீழே முக்காலி போட்டு வீரையா உட்கார்ந்திருந்தார். பெட்டியை நம்பிப் பயனில்லை என்று அன்று காகிதப் பேப்பரையே வாங்கி வந்திருந்தார். பேப்பரைத் தாழ்த்தாமல், "மூணாம் பக்கம் ஓடுது சண்முகம், வெளிச்சத்துல கை வைக்காத" என்றார். தேவன் கதவோரமாகப் போய் நின்றுகொண்டு, "ஆபா போலே புவாட், துவான்," என்றார். என்ன செய்ய முடியும் ஐயா என்று அர்த்தம். கேட்டரிங்காரர் அண்டாவை இறக்கி வைத்து, அதன் விளிம்பில் கையூன்றி ஆட்டத்தைப் பார்த்தார். பிறகு யார் முன்னால் போகிறார்கள் என்று கேட்டார். செமாபோக் என்றதும், அவர் வீடும் செமாபோக்தானாம், அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டம் முடிந்து அடுத்த ஆட்டம் தொடங்கியது. அதற்கும் ஒருவரும் எழவில்லை. பொழுது சாய்ந்ததும் அண்டாவை மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டரிங்காரரே சொல்லிவிட்டார். அறை எங்களிடமே நின்றது, இன்றும் நிற்கிறது. போகும்போது சண்முகம் என்னிடம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "எழுந்திரிக்காம உக்காந்து மறியல் பண்ணுங்கன்னு இவங்களத் தூண்டிவிட்டது நீங்கதானே தலைவரே? உங்க பழைய வேலைதானே இது?" என்றார். நான் மார்பை நிமிர்த்தி, ஆமாம் என்று சொல்லத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் ஷாலினி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "யாரு, அவரா? அவரு கம்ப்யூட்டர் பழுது பாக்குற அங்கிள் லா."

என் போராட்ட வாழ்க்கையில் முழுதாக வென்ற மறியல் இது ஒன்றுதான். அதை நடத்திக் கொடுத்தது என் பேச்சு அல்ல, நான் மேக்குக்குள் ஏற்றிய விண்டோஸ் என்று என் கையாலேயே எழுத வேண்டியிருப்பதுதான் இந்தத் தொழில் எனக்குக் கொடுத்த கூலி.